வகுப்பு வீட்டுக்கு வருகிறது

மலாக்காவில் சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் போகிறவர்கள் வாசலிலேயே கைப்பேசியைக் கொடுத்துவிட வேண்டும். அதனால் வசந்தனுக்கு ஊர்ச் செய்தி எல்லாம் வேலை முடிந்து வேனில் ஏறிய பிறகுதான் வந்து சேரும். அன்று மாலை அவர் கைப்பேசியைத் திறந்தபோது மகளின் ஆசிரியை பவானேஸ்வரியின் குரல் பதிவு ஒன்று காத்திருந்தது.

"ஷாமினி அப்பா, வணக்கம். 'என் வீடு, என் ஊர்' பாடத்துக்காக வர்ற சனிக்கிழமை ரெண்டாம் ஆண்டுப் பிள்ளைங்கள நடத்திக் கூட்டிட்டுப் போறேன். டவுன்ல இருக்கிற பிள்ளைங்க வீட்டையெல்லாம் பார்க்கப் போறோம். அவங்கவங்க வீட்ட அவங்கவங்களே சுத்திக் காட்டணும். ஷாமினி மட்டும் 'எங்களுக்கு இன்னும் வீடு இல்ல டீச்சர், வர வேணாம்'னு சொல்றா. உங்களுக்கு ஏதும் சங்கடம்னா சொல்லுங்க, உங்க வீட்ட விட்டுடறேன்."

வசந்தன் மறுபடியும் ஒருமுறை கேட்டார். பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த சாமிக்கண்ணு, அவருடன் வேலை செய்யும் மூத்தவர், கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"வீடு இல்லியா? அப்ப தினம் எங்கடா போய்ப் படுக்குற?"

"சும்மா இருங்கண்ணே."

வசந்தன் சாரம் கட்டுகிறவர். பராமரிப்புக்காக ஆலையின் ஒரு பகுதியை நிறுத்தும்போது, வெல்டரும் பெயிண்டரும் ஏறி நிற்பதற்கு இரும்புக் குழாய்களை இணைத்து மேடை எழுப்புவார். அவர்கள் வேலை முடிந்ததும் அவரே ஏறி எல்லாவற்றையும் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார். "நான் கட்டினது" என்று கைநீட்டிக் காட்ட மலாக்கா மாநிலத்தில் ஒரு கம்பி கூட நிற்கவில்லை. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. வந்த சுவடு தெரியாமல் இடத்தைக் காலி செய்வதுதான் நல்ல வேலைக்காரனுக்கு அடையாளம் என்பார்.

வீட்டிலும் அப்படித்தான். சிம்பாங் அம்பாட் நாற்சந்தியில், டயர் கடைக்கு மேலே உள்ள மாடியில் அவரும் மனைவி திலகாவும் ஷாமினியும் நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். சுவரில் ஓர் ஆணி கிடையாது. கல்யாணப் படம் தரையிலேயே அலமாரியோடு சாய்ந்து நிற்கிறது. நல்ல தட்டுகள் எல்லாம் இன்னும் பெட்டிக்குள். அரசாங்கத்தின் மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். வந்துவிடும். வந்ததும் போய்விடலாம்.

பால் காய்ச்சவும் இல்லை. இதில் அவர் அப்பா பெரியதம்பியின் பிடிவாதம் கொஞ்சம் இருந்தது. லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரியதம்பி கம்பெனி கொடுத்த லைன் வீடுகளில் மூன்று மாறினார், மூன்றிலும் பால் காய்ச்சவில்லை. "கம்பெனி வீட்டுக்கு நாம பால் காய்ச்சினா கம்பெனிதான் நல்லா இருக்கும்" என்பார். பிறகு தோட்டம் கைமாறியது, லைன் வீடுகளை இடித்தார்கள். அப்பா சொன்னது சரிதான் என்று வசந்தனுக்கு அன்றே மனதில் பதிந்துவிட்டது. நமக்கென்று ஒரு வீடு வரும். அதில்தான் பால் பொங்க வேண்டும்.

வசந்தன் மாடி ஏறியபோது ஷாமினி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்கிட்ட வீடு இல்லன்னு சொன்னியாமே?"

"ஆமா."

"அப்ப இது என்னம்மா?"

"மாடி."

"மாடின்னா வீடு இல்லியா?"

ஷாமினி பென்சிலைக் கீழே வைத்தாள். அப்பாவுக்கு விஷயம் புரியவில்லை, நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

"புது வீட்டுக்குப் போனா பால் காய்ச்சணும்பா. அதுதான் நம்ம பண்பாடுன்னு டீச்சர் சொன்னாங்க. தினேஷ்வரன் வீட்டுல பொங்கி அவன் சட்டை மேலயே ஊத்திடுச்சாம். பவன் வீட்டுக்கு மாடே வந்துச்சாம்! நீங்கதானே சொன்னீங்க, நம்ம வீடு வந்ததும் காய்ச்சலாம்னு. இன்னும் வரலதானே?"

குரலில் குறையே இல்லை. பஸ் இன்னும் வரவில்லை என்பதுபோலச் சொன்னாள். அவள் வரைந்திருந்த வீட்டுக்குச் சிவப்புக் கூரை, பச்சை கேட், இரண்டு ஜன்னல். ஆள் யாரும் இல்லை.

"உள்ள யாரையும் காணோமே?"

"யாரும் இன்னும் வரலப்பா."

வசந்தன் எழுந்து சமையலறைக்குப் போனார். திலகா கிளினிக்கில் கவுண்டர் வேலை முடித்து வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலங்க. நாலு வருஷமா நீங்கதான் சொல்லிட்டு வர்றீங்க."

"டீச்சர்கிட்ட நம்ம வீட்ட விட்டுடச் சொல்லிடவா?"

"சொல்லுங்க. மத்த பிள்ளைங்க வீட்டையெல்லாம் பார்த்துட்டு இவ மட்டும் வாய மூடிட்டு வருவா."

"பின்ன என்ன செய்யச் சொல்ற? இதுக்குப் பால் காய்ச்சவா?"

"காய்ச்சினா என்னவாம்?"

"காய்ச்சிட்டா இதுதான் வீடுன்னு ஆயிடும் திலகா." குரல் தாழ்ந்தது. "அப்புறம் அது வராது."

சொன்ன பிறகுதான் அந்தப் பயம் இவ்வளவு நாளாக உள்ளே இருந்தது அவருக்கே தெரிந்தது. திலகா சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தார்.

"அது வரட்டுங்க. வரும்போது இவளுக்கு எத்தன வயசோ. அதுவரைக்கும் இவ எங்க வளருவா? உங்க வேன்லயா?"

மறுநாள் ஆலையில் ஒரு தொட்டியைச் சுற்றிச் சாரம் எழுப்பினார்கள். அடுத்த வாரமே கழற்றப் போகிற சாரம். வசந்தன் வழக்கம்போல ஒவ்வொரு இணைப்பையும் முடுக்கி, தட்டிப் பார்த்து, பலகையில் நின்று குதித்துப் பார்த்தார். குதித்த இடத்திலேயே நின்றுவிட்டார். அடுத்த வாரம் கழற்றப் போகிறோமே என்று அவர் எந்த இணைப்பையும் தளர்வாக விட்டதில்லை. ஏறுகிறவனுக்கு அது ஒரு மணி நேரச் சாரமாக இருந்தாலும், அந்த ஒரு மணி நேரம் அவன் உயிர் அதில்தான் நிற்கிறது.

தேநீர் இடைவேளையில் சாமிக்கண்ணுவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சலாமா?"

"ஹோட்டல்ல ரூம் எடுத்தாலே என் பொண்டாட்டி பால் காய்ச்சுவாடா. ஏன்டா, பேங்க்குக்குத் தவணை கட்டுறவன் காய்ச்சலியா? அது மட்டும் அவன் வீடா?"

"குடி வந்து நாலு வருஷம் ஆச்சுண்ணே."

"அப்ப பால் கெட்டுப் போயிருக்கும்" என்றார் சாமிக்கண்ணு. பிறகு வசந்தனின் முகத்தைப் பார்த்துவிட்டு, "டேய், காய்ச்சுடா. பொம்பளப் பிள்ள கேக்குது" என்றார்.

அன்று மாலை வேனிலிருந்தே ஆசிரியைக்குப் பதில் போனது. "டீச்சர், சனிக்கிழமை மொதல்ல எங்க வீட்டுக்கு வாங்க. பால் காய்ச்சப் போறோம்."

ஷாமினியிடம் சொன்னபோது அவள் கண்கள் விரிந்தன.

"புது வீடு வந்துடுச்சா?"

"இல்லம்மா. இதுக்குத்தான்."

"இதுக்கா?" ஷாமினி சுவரைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், தண்ணீர் சொட்டும் குழாயைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப செருப்பையெல்லாம் ஒழுங்கா அடுக்கணும். ஆளுங்க வருவாங்க."

சனிக்கிழமை காலை, டவுனுக்கு வெளியே மாடு வளர்க்கும் அங்கமுத்துவிடம் வசந்தன் கறந்த பாலை வாங்கி வந்தார். திலகா மாடிப்படிக்குக் கீழே கோலம் போட்டார். கோலத்தில் பாதி டயர் கடை வாசலுக்குள் போய்விட்டது. டயர் கடையின் சீன முதலாளியும் வீட்டுக்காரருமான தவுக்கே லிம் டயரை உருட்டிக்கொண்டு வந்தவர், கோலத்தைப் பார்த்து நின்று, சுற்றிக்கொண்டு போனார்.

வகுப்பின் மற்ற ஏழு பிள்ளைகளும் ஆசிரியையும் மாடி ஏறினார்கள். அடுப்பில் புதுப் பாத்திரம், அதன் கழுத்தில் மஞ்சள் கிழங்கு. தினேஷ்வரன் மட்டும் கதவோரம் போய் நின்றுகொண்டான்.

"ஏன்டா அங்க நிக்கிற?" என்றார் ஆசிரியை.

"சட்டை டீச்சர். இதுவும் புதுசு."

திலகா அடுப்பைப் பற்றவைத்தார். பால் சூடேறி ஓரங்களில் நுரை கட்டத் தொடங்கிய நேரத்தில் அடுப்பு படபடத்து அணைந்தது. கேஸ் தீர்ந்துவிட்டது.

ஆவென்று வாயைப் பிளந்தது வகுப்பு. வசந்தன் அடுப்பின் குமிழைத் திருகிப் பார்த்தார். அபசகுனமா? ஷாமினி அழவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கினார். கீழே தவுக்கே என்னவென்று கேட்டார். வசந்தன் தனக்குத் தெரிந்த மலாய் மொழியில் மூச்சு வாங்கச் சொன்னார்: புது வீட்டுக்குப் பால், கேஸ் இல்லை, பிள்ளைகள் நிற்கிறார்கள்.

"புது வீடா? எங்கே?"

"மேல."

தவுக்கே லிம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நாலு வருஷமா வாடகை வாங்குறேன். இப்பதான் உள்ள வர்றியா?" என்று மலாயில் கேட்டுவிட்டு, கடையின் பின்கட்டுக்குப் போய்த் தன் சமையலறைச் சிலிண்டரைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்தார். படியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

மறுபடி அடுப்பு எரிந்தது. பால் எழுந்தது, விளிம்பில் ஒரு கணம் நின்றது, பிறகு எல்லாப் பக்கமும் வழிந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று பவன் கத்த, வகுப்பே கத்தியது.

"பிள்ளைகளா, இது பொங்கல் இல்ல!"

"பொங்குதே டீச்சர்!"

தவுக்கே லிம்மும் கைதட்டினார். திலகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆளுக்கொரு கோப்பைப் பால் குடித்த பிறகு ஷாமினி நடுவில் வந்து நின்றாள். "இதுதான் எங்க வீடு. இந்த ஜன்னல்ல நின்னா நாலு ரோடும் தெரியும். லாரியெல்லாம் அங்க திரும்பும். எங்கப்பா வேன் அந்தப் பக்கத்திலேர்ந்து வரும், நான் மேலேர்ந்தே கண்டுபிடிச்சிடுவேன். இங்க காது வெச்சுக் கேளுங்க, டயர்ல காத்து அடிக்கிறது கேக்கும்."

ஏழு பிள்ளைகளும் தரையில் படுத்துக் காதை வைத்தார்கள். கொஞ்சம் தயங்கிவிட்டு ஆசிரியையும் சேலையை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். கீழே காற்று இயந்திரம் உறுமியது. "கேக்குது, கேக்குது!"

வசந்தன் கதவில் சாய்ந்து நின்றார். அவர் இங்கே நான்கு வருடம் காத்துக்கொண்டிருந்தார். அவள் இங்கே நான்கு வருடம் வாழ்ந்திருக்கிறாள்.

வகுப்பு அடுத்து பவன் வீட்டுக்குக் கிளம்பியது. படிகளில் இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் திலகா அடுப்பைச் சுற்றிக் காய்ந்துபோன பாலை ஈரத்துணியால் தேய்க்கத் தொடங்கினார்.

"ஏங்க, அந்த வீடு வந்தா?"

"வந்தா அங்கயும் காய்ச்சுவோம்" என்று வசந்தன் துணியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். "பாலுக்கா பஞ்சம்?"

வெளியே பேச்சுச் சத்தம் கேட்டு ஜன்னலுக்குப் போனார். நாற்சந்தியில் பச்சை விளக்குக்காக வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் ஷாமினி எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். கை நீட்டி மாடியைக் காட்டினாள். ஜன்னலில் ஆள் நிற்பதைப் பார்த்ததும் மொத்த வரிசையும் கையாட்டியது. வசந்தன் பால் நனைந்த துணியோடு பதிலுக்குக் கையை ஆட்டினார். விளக்கு பச்சையானது. அவர்கள் சாலையைக் கடக்கும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தார்.