தட்டில் சேர்ந்த பேக்லாக்

கம்பெனி பஸ்ஸின் முதல் படியில் வலது காலை வைத்தேன். உடம்பு மேலே வரவில்லை. பின்னால் நின்ற பெண்கள், "ஏறுங்கக்கா, லேட்டாவுது" என்று தள்ளியதில் எப்படியோ உள்ளே போய் விழுந்தேன். ஜூஜுவாடி நிறுத்தத்தில் பல வருடங்களாக ஏறி இறங்கும் பஸ்தான். படியை உயர்த்திவிட்டீர்களா என்று டிரைவரிடம் சண்டைக்குப் போனேன்.

ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு வயரிங் கட்டும் தொழிற்சாலை ஒன்றில் நான் லைன் லீடர். லைன் என்றால் வரிசையாக மேசைகள், வரிசையாகப் பெண்கள். ஒருவர் வேலையை முடித்தால்தான் அடுத்தவர் கைக்குப் பொருள் போகும். மணிக்கு இத்தனை முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. குறைந்தால் அதற்குப் பேக்லாக் என்று பெயர். அடுத்த மணியிலோ அடுத்த ஷிப்டிலோ அதையும் சேர்த்து முடித்தாக வேண்டும். இந்தக் கணக்கு எனக்கு ரத்தத்திலேயே ஊறிப்போன ஒன்று.

அந்த மாதங்களில் நான் மெலிந்துகொண்டே வந்தேன். யாரும் பயப்படவில்லை, பாராட்டினார்கள். "என்ன டயட்டுக்கா?" என்று லைன் பெண்கள் கேட்டார்கள். "உங்களோட மல்லுக்கட்டுறதே டயட்டுதான்" என்று சொல்லிச் சிரித்தேன். உண்மையில் கேன்டீனில் இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு எழுந்தால் மறுபடியும் அகோரப் பசி. வேர்வை நிற்காது, தூக்கம் வராது, யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவேன்.

"ஜெசி, நீ இப்பல்லாம் ரெண்டு ஆளு சோறு தின்னுட்டு நாலு ஆளு மாதிரி கத்தற" என்றார் என் கணவர் அந்தோணி. அதற்கும் கத்தினேன்.

பிறகு கை நடுங்கத் தொடங்கியது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு வயர் முனையைச் சொருகிக் காட்டப் போனவள் மூன்று தடவை தவறவிட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். அந்த மரியாதை எனக்குப் பொறுக்கவில்லை, விறுவிறுவென்று முதலுதவி அறைக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸ் நாடி பிடித்தார். கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லி மறுபடியும் பிடித்தார். "உக்காந்தே இருக்கீங்க, இதயம் ஓடிக்கிட்டிருக்குது" என்று சொல்லி, அன்றே மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்.

எனக்கு வந்திருந்தது மிகைத் தைராய்டு (கழுத்தில் உள்ள சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது). ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"வண்டி நிக்குது. ஆனா ஆக்ஸிலேட்டர் முழுசா அமுங்கிக் கெடக்கு. இருக்கற கொழுப்பை எல்லாம் எரிச்சாச்சு. இப்ப சதையக் கரைக்குது."

"எந்தச் சதைங்க மேடம்?"

"முக்கியமா தொடை. அதனாலதான் உங்களால படி ஏற முடியல."

டிரைவரிடம் போட்ட சண்டைதான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

சுரப்பைக் கட்டுப்படுத்த ஒரு மாத்திரை, இதயத் துடிப்பைத் தணிக்க இன்னொன்று. முதல் மாத்திரையைச் சாப்பிடும் காலத்தில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் சாதாரணச் சளி என்று விட்டுவிடாமல் உடனே வரச் சொன்னார். தைராய்டுச் சுரப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் இந்த ஒன்றைக் கட்டாயம் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மருத்துவ விடுப்பு எழுதித் தந்தார்கள். என் மனம் விடுப்பில் இல்லை. தொழிற்சாலையில் புதிய லைன் ஒன்று வரப்போகிறது, அதற்கு நான்தான் லீடர் என்று ஷிப்ட் இன்சார்ஜ் சொல்லியிருந்தார். கடைசி மேசையில் டேப் சுற்றும் வேலையில் சேர்ந்தவள் நான். அந்தப் புதிய லைனை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை. அது தொடங்குவதற்குள் டாக்டரம்மாவிடம் தகுதிச் சான்று வாங்கிவிட வேண்டும். ரத்தப் பரிசோதனை சீராக வேண்டும், கரைந்த உடம்பு திரும்பி வர வேண்டும், பிறகுதான் சான்று என்றார் அவர். முதலாவதை மாத்திரை பார்த்துக்கொள்ளும், இரண்டாவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

அங்கேதான் இடித்தது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அந்த அகோரப் பசி அடங்கிவிட்டது. அடங்கியது என்றால், அடியோடு போய்விட்டது. எடை கூட வேண்டிய நேரத்தில் சோற்றைப் பார்த்தாலே முகம் திரும்பியது. எங்கள் எல்லைப்பக்கத்தில் பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்றுதான். பக்கத்து வீட்டு மஞ்சுளாம்மா அத்திப்பள்ளிக்காரர், கன்னடத்தில் "ஊட்டா ஆய்த்தா?" என்பார். தெலுங்குக்காரப் பால்காரர் "தின்னாவாம்மா?" என்பார். மூன்று மொழியிலும் எனக்கு ஒரே பதில்தான் இருந்தது, இல்லை.

அந்தோணி வேப்பனப்பள்ளிப் பக்கத்து மனிதர். களி தின்றால் எழுந்து நின்றுவிடுவேன் என்பது அவருடைய நம்பிக்கை. ஷிப்டுக்குப் போகும் முன் களி கிண்டி, உருட்டி, கீரைக் கடைசலோடு மூடி வைத்துவிட்டுப் போவார். நான் பாதி உருண்டை தின்பேன், வயிறு நிறைந்துவிடும், சாயங்காலம் வரை வேறு எதுவும் இறங்காது.

மருத்துவமனையின் டயட்டீஷியன் (உணவுத் திட்டம் வகுத்துத் தருபவர்) ஒரு இளம்பெண். அவர் களியை வேண்டாம் என்று சொல்லவில்லை. "களியச் சின்னதா உருட்டுங்க, பக்கத்துல ஒரு முட்டை வைங்க, நெலக்கடலைச் சட்னி கெட்டியா வைங்க. உங்க வயித்துல இப்ப எடம் கம்மி. எறங்குற ஒவ்வொரு வாயும் கனமா இருக்கணும்" என்றார். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று சிறுதீனி. கேழ்வரகுக் கஞ்சியைத் தண்ணீரில் கரைக்காமல் பாலில் காய்ச்ச வேண்டும். வாழைப்பழம், வேகவைத்த கடலை, தயிர், சுண்டல், நெய் விட்ட பருப்புச் சாதம். சாப்பாட்டுக்கு முன்னால் டீ குடிக்கக் கூடாது, அது பசியைக் கொன்றுவிடும், படபடப்பையும் கூட்டும். மாம்பழம் சூடு என்று தெருவே பயமுறுத்தியது. அவரோ, மாம்பழத்துக்குப் பேர்போன இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைச் சாப்பிடாமல் எப்படி, தாராளமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு வெள்ளைப் பலகை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்ததுதான். லைனில் இருப்பது போலவே கட்டம் கட்டினேன். திட்டம், முடிந்தது, பேக்லாக். முடிந்தால் பச்சை, தவறினால் சிவப்பு.

அந்தோணி வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "வூட்டையும் லைனாக்கிட்டியா? இதுல நானு யாரு, ஆபரேட்டரா?"

"நீங்க மெட்டீரியல் சப்ளை. முட்டை தீந்துபோச்சு, வாங்கிட்டு வாங்க."

சிரித்துக்கொண்டே போனார். எனக்கும் பல வாரங்களுக்குப் பிறகு உற்சாகமாக இருந்தது. கையில் ஒரு லைன் வந்துவிட்டதல்லவா.

காலைச் சிறுதீனி தவறும். பலகையில் சிவப்பு விழும். சிவப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியாது. மத்தியானச் சாப்பாட்டோடு அந்த முட்டையையும் கடலையையும் சேர்த்துத் தின்பேன். அதனால் மத்தியானத் தயிர்ச்சாதம் மிஞ்சும், அது சாயங்காலத்துக்குப் போகும். சாயங்காலம் எல்லாம் சேர்ந்து என் முன்னால் பாத்திரம் பாத்திரமாக நிற்கும். எழுந்து நடப்பேன், உட்கார்ந்து ஒரு வாய் தின்பேன், மறுபடியும் நடப்பேன். ஷிப்டை மூடும்போது கணக்கு நேராக இருக்க வேண்டும். வயிறு கல்லாக வீங்கும். சில நாள் அத்தனையும் வெளியே வந்துவிடும். வாந்தியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் பலகை முன்னால் நின்றிருக்கிறேன். சிரிப்பாக இருக்கிறதல்லவா? அன்று அழுதேன்.

ஆனாலும் எடை ஏறியது. அந்தோணியோடு அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா சொன்ன அளவைத் தொட்டிருந்தேன். ரத்தமும் சீராகி வந்தது. சான்று கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்து, இன்சார்ஜுக்குப் போன் செய்ய நம்பரைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

"கைய எங்கயும் ஊனாம நாற்காலியில இருந்து எந்திரிங்க" என்றார் டாக்டரம்மா.

எழுந்தேன். பாதியில் தொடை நடுங்கி, பொத்தென்று உட்கார்ந்தேன். மறுபடியும் முயன்றேன். அந்தோணி கை நீட்டினார், தட்டிவிட்டேன்.

"வெயிட்டுதான் வந்துருச்சே மேடம்!"

"வெயிட்டு வந்துருக்கு. பலம் வரல. இந்தக் காலோட நாள் முழுக்க லைன்ல நின்னா விழுந்துருவீங்க."

அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. தின்றது எல்லாம் எங்கே போனது? வயிற்றைச் சுற்றி ஒரு சதை வளையமாகத் தொங்கியது, தொடை மட்டும் குச்சியாகவே இருந்தது. அந்தோணி என்னை டயட்டீஷியன் அறைக்கு அழைத்துப் போய், தன் போனில் எடுத்து வைத்திருந்த பலகையின் படத்தை அவரிடம் காட்டினார்.

அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்தக் கடைசிக் கட்டம் எதுக்குங்கக்கா?"

விளக்கினேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் சிரிக்கவில்லை.

"காலையில சாப்பிடாத முட்டை காலையோட போச்சுங்கக்கா. அத ராத்திரி சேத்துத் தின்னா தசை ஆவாது. ஒடம்பு ஒரு நேரத்துக்கு எவ்ளோ எடுக்குமோ அவ்ளோதான் எடுக்கும். மிச்சம் கொழுப்பாவும், இல்லன்னா வாந்தியாவும்."

"அப்ப விட்டுப்போனது?"

"விட்டுப்போனதுதான்."

இந்த ஒரு வார்த்தையை ஏற்றுக்கொள்ள எனக்கு நோயைவிடக் கடினமாக இருந்தது. ஒரு மேசை தாங்குவதற்கு மேல் பொருளைத் தள்ளினால் ரிஜெக்ட்தான் குவியும் என்று புதுப் பெண்களுக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். என் வயிறும் ஒரு மேசைதான் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

பேக்லாக் கட்டத்தை அழித்தேன். மறுபடியும் எழுதக் கை அரித்தது, இரண்டு நாளில் பலகையையே எடுத்து மஞ்சுளாம்மா பேத்திக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் முட்டை அல்லது பருப்பு அல்லது தயிர் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டோம். தவறிய வேளை தவறியதுதான். தினமும் டாக்டரம்மா சொன்னபடி, கனமான நாற்காலியைச் சுவரோரம் போட்டு உட்கார்ந்து எழுந்தேன், முதலில் கை ஊன்றி, பிறகு விரல் நுனி மட்டும் ஊன்றி. சாயங்காலச் சிறுதீனிக்கு மஞ்சுளாம்மா தன் டம்ளரோடு வந்து உட்கார்ந்துகொள்வார். நான் சுண்டலைத் தொடாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்தால், "தின்னு ஜெசி, எந்த பஸ்சும் போவல" என்பார். அவருடைய பாதிக் கன்னடம் பாதித் தமிழில் அது அதட்டலாக இருக்காது.

உங்களுக்கும் எடை கூட வேண்டியிருந்தால் என் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நோய் வேறாக இருக்கலாம். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இந்த உணவே ஆகாமல் போகலாம். உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஒன்று மட்டும் நான் அடித்துச் சொல்வேன். தராசு முள் நகர்ந்துவிட்டது என்பதற்காகத் தேறிவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

டாக்டரம்மா முன்னால் நான் அந்த நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து நின்றபோது புதிய லைன் தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தன. சான்று கிடைத்தது. அதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது, இப்போதைக்கு இரவு ஷிப்ட் கூடாது.

இன்சார்ஜ் படித்துப் பார்த்தார். "லீடர்னா மூணு ஷிப்டும் மாறி மாறி வரணுமேம்மா. நைட்டு வர்றேன்னு சொல்லுங்க, இந்த வரிய நான் பார்க்கலன்னு வச்சிக்கறேன். போஸ்ட் உங்களுக்குத்தான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு அந்த லைன் வேண்டும். இப்போதும் வேண்டும். முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போய், "டே ஷிப்ட்ல எந்த வேலைன்னாலும் குடுங்க சார்" என்றேன். அந்தப் புதிய லைனிலேயே தரம் பார்க்கும் மேசை கிடைத்தது. லீடர் ரேவதி. சில வருடங்களுக்கு முன் நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்.

வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே லைன் பின்தங்கியது. இடைவேளை நெருங்கும்போது ரேவதி ஒவ்வொரு மேசையாக வந்தாள். என் முன்னால் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, பேக்லாக் நிக்குது. பிரேக்க கொஞ்சம் தள்ளிக்கலாமா?"

அவள் நெற்றியில் வேர்வை நின்றது. அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது வயிற்றுக்குள் ஒரு சின்னக் கிள்ளல். பழைய அகோரம் இல்லை, பிள்ளை முந்தானையைப் பிடித்து இழுப்பது போல லேசானது. எத்தனையோ மாதங்களாக வராதது. அது என்னவென்று புரிய எனக்கே ஒரு கணம் ஆயிற்று.

"பசிக்குது ரேவதி. சாப்ட்டுட்டு வர்றேன்."

கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். முட்டையும் கடலையும். வேலையைப் பாதியில் விட்டு வந்தது மனதைப் பிராண்டியது, பெஞ்சுக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. இது நோய் இல்லை, என் சுபாவம். கதவுக்கு அந்தப்பக்கம் லைன் ஓடும் சத்தம் கேட்டது. அது ஓடட்டும் என்று நான் மென்றுகொண்டிருந்தேன்.