குறி இல்லாத ஐந்து தாள்கள்

ஐம்பதுகளில் மீஞ்சூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை எனக்கு. நான் கோபக்காரன். ஒரு வருடம், வீட்டில் கத்திய நாளிலெல்லாம் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்; குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிழித்த தாளைத் தினமும் கம்பியில் குத்தி வைத்தேன்.

டிசம்பர் கடைசி நாள் காலையில் அத்தனையையும் உருவி எடுத்துப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் குறி. ஆனால் நடுவில் ஐந்து தாள்கள் மட்டும் சேர்ந்தாற்போல் சுத்தமாக இருந்தன. அது எப்படி? ஆவல் தாங்காமல் திருப்பினேன். ஆடிக் கிருத்திகையும் அதை ஒட்டிய நாட்களும்! நட்சத்திரம், திதி, ராகு காலம் என்று ஒன்று விடாமல் படித்தேன். முருகன் அருளேதான் என்று முடிவு கட்டி, கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவள் தலை நிமிரவில்லை. "கிருத்திகைக்கு நான் பொதட்டூர்பேட்டைல எங்கம்மா ஊட்ல இருந்தேன். இங்க நீங்க ஒண்டியாத்தானே இருந்தீங்க? யாரைத் திட்டுவீங்க?" என்றாள்.

அன்றைய தாளை நான் அதுவரை கிழித்திருக்கவில்லை. கிழித்து, பென்சிலோடு அவள் கையில் கொடுத்தேன்.