பாப்லுதாவின் வலது முழங்கால்

சித்தப்பா ஒரு சாயங்காலம் டாக்ஸியில் ஓர் ஆளைக் கடத்திக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் வைத்தார். கடத்தல் என்பது அவரே பெருமையோடு சொன்ன சொல். கடத்தப்பட்டவரோ வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தோளில் ஒரு ரெக்ஸின் பை. பத்தொன்பது வயது. பெயர் பாப்லு.

அப்போது நாங்கள் கல்கத்தாவில் லேக் கார்டன்ஸில் ஒரு மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தவர் அப்படியே தங்கிவிட்டார். அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கு வங்கியில் உத்தியோகம், கல்யாணம் ஆகவில்லை. வங்கி நேரம் போக மிச்சமிருந்த வாழ்க்கை முழுவதையும் ஊரின் இரண்டு பெரிய கால்பந்துக் கிளப்புகளில் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

கோடையில் அந்த ஊரில் ஆட்டக்காரர்கள் கிளப் மாறும் பருவம் ஒன்று வரும். அந்த நாட்களில் வளர்ந்த மனிதர்கள் செய்த காரியங்களைச் சொன்னால் இப்போது நம்ப மாட்டார்கள். தங்கள் பக்கம் வருவதாக வாக்குக் கொடுத்த ஆட்டக்காரனை, கால்பந்துச் சங்க அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் நாள் வரைக்கும் எதிர்க் கிளப்காரர்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பார்கள். யாருடைய மாமனார் வீடு, எந்த ஊர் விடுதி என்று பத்திரிகைகளில் ஆரூடம் வரும். முந்தின ஆண்டு பாப்லு ஒரு சின்ன கிளப்புக்காக ஆடி இரண்டு பெரிய கிளப்புகளையும் திணற அடித்திருந்தார். ஆகவே இரண்டுக்குமே அவர் வேண்டும்.

"இது என்ன வீடா, லாட்ஜா?" என்றார் அப்பா.

"கொஞ்ச நாளுதான் அண்ணே. கையெழுத்துப் போட்டதும் கூட்டிட்டுப் போயிருவாங்க. மெட்ராஸ்காரன் வீட்டுல பெங்காலி ஆட்டக்காரன் இருப்பான்னு எவனுக்குத் தோணும், சொல்லுங்க?"

அம்மாவின் கவலை வேறு. எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்தது கிடையாது. "மதினி, மீனு இல்லாம இந்தப் பிள்ளை எப்படிச் சாப்பிடுவான்னு நீங்க கேக்கப்போறீய, எனக்குத் தெரியும்" என்று சித்தப்பா முந்திக்கொண்டார். அம்மா அதைக் கேட்கத்தான் வாயெடுத்திருந்தாள்.

அம்மாவுக்கு வங்காளம் கறிகாய் வாங்குமளவுக்குத்தான் தெரியும். எனக்கு அவர் பாப்லுதா, அதாவது பாப்லு அண்ணன்; அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. எனக்கு அப்போது பத்து வயது. தெருவிலும் பள்ளியிலும் வங்காளம் பேசி வளர்ந்தவள் என்பதால் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். கோடை விடுமுறையில் எனக்கு அதைவிடப் பெரிய பதவி எதுவும் கிடைத்ததில்லை.

ஆபத்து கீழ்வீட்டிலேயே இருந்தது. அங்கே குடியிருந்தவர், மாமா முறையில் நான் காக்கு என்று கூப்பிடுபவர், எதிர்க் கிளப்பின் பரம ரசிகர். ஒருநாள் அவர் மின்வாரிய ரசீது விஷயமாக மேலே வந்துவிட்டார். பாப்லுதா அப்பாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். "என் மதினியோட தம்பி, ஊருலேருந்து வந்திருக்கான்" என்றார் சித்தப்பா வங்காளத்தில். காக்கு அன்போடு ஆங்கிலத்தில் கல்கத்தா பிடித்திருக்கிறதா என்று கேட்டார். "சரி, சரி" என்றார் பாப்லுதா. நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்த ஒரே சொல் அது. தென்னிந்தியப் பையன்கள் எவ்வளவு அடக்கமானவர்கள் என்று வியந்துகொண்டே காக்கு படியிறங்கினார்.

காலையில் பாப்லுதாவுக்கு நான் ஆங்கிலப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்து வங்காளத்தில் சொல்ல வேண்டும். வங்காளப் பேப்பரில் 'பாப்லு எங்கே?' என்று அவரைப் பற்றியே எழுதியிருந்தார்கள். அது அவருக்கு வேண்டாம். ஐரோப்பியக் கிளப்புகளின் செய்தி ஒரு மூலையில் சின்ன எழுத்தில் வரும், அதைத்தான் கேட்பார். ஸ்பெயினில் ஒரு கிளப் கடல் கடந்து பதினாறு வயதுப் பையன் ஒருவனை வாங்கியிருக்கிறது என்று படித்தால் "ம்" என்பார். எவனுக்காவது அடிபட்டது என்று வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்.

இத்தாலியில் ஒரு பையனுக்கு, பாப்லுதாவின் வயதுதான், புதிய கிளப்புக்கு வந்த சில வாரங்களிலேயே முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. அதை மூன்று முறை படிக்கச் சொன்னார்.

"ஆபரேஷன் யார் செலவுல?"

"கிளப்பே பண்ணுதாம்."

"அப்புறம்? விட்டுடுவாங்களா?"

"இல்ல. குணமாகுற வரைக்கும் காத்திருப்போம்னு மேனேஜர் சொல்லியிருக்கார்."

பாப்லுதா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அது வேற தேசம்" என்றார். வேறு தேசம் என்பது எனக்கும் தெரியும், இத்தாலி என்று நான்தானே படித்தேன்.

நாங்கள் எல்லோரும் தரையில் சம்மணமிட்டுத்தான் சாப்பிடுவோம். பாப்லுதா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை நீட்டிக்கொண்டு தட்டை மடியில் வைத்துக்கொள்வார். பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் சாப்பிடுவார்கள் என்று நான் நினைத்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. அவர் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

ஒரு மத்தியானம், ஆண்கள் இருவரும் அலுவலகம் போனபிறகு, அம்மா அடுப்படியில் ஒரு முக்காலியைப் போட்டு அவரை உட்காரச் சொன்னாள். வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றச் சொன்னாள். வலது முழங்கால் பக்கவாட்டில் உப்பிப்போய், இடது காலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொருள் மாதிரி இருந்தது. அம்மா வாணலியில் கல்லுப்பை வறுத்துத் துணியில் மூட்டை கட்டினாள்.

"ஏளா, எப்பம்லேருந்து வலின்னு கேளு."

கேட்டேன். "போன மாசம் பிராக்டிஸ்ல ஒருத்தன் மேல வந்து விழுந்தான். உள்ள டக்குன்னு ஒரு சத்தம்."

"உள்ள டக்குன்னு சத்தம் கேட்டுச்சாம், அம்மா" என்று நான் அந்தச் சத்தத்தையும் செய்து காட்டினேன்.

"டாக்டர்ட்ட காமிச்சானாமா?"

பாப்லுதா அம்மாவை மாசிமா, அதாவது பெரியம்மா, என்றுதான் கூப்பிடுவார். "கையெழுத்து ஆனப்புறம் காட்டிக்கிறேன்னு மாசிமாகிட்ட சொல்லு. முன்னாடி காட்டினா கையெழுத்தே இருக்காது."

அப்படியே சொன்னேன். அம்மாவின் கை ஒத்தடம் கொடுப்பதை நிறுத்திவிட்டது.

"ஆடும்போது மறுபடி விழுந்தான்னா?"

"விழ மாட்டேன்."

"விழ மாட்டாராம்."

"இத உங்க சித்தப்பாட்ட சொல்லணும்ளா" என்றாள் அம்மா. இது எனக்குச் சொன்னதா, அவருக்குச் சொல்ல வேண்டியதா என்று நான் யோசிப்பதற்குள் பாப்லுதாவுக்கே புரிந்துவிட்டது. சித்தப்பா என்ற சொல் அவருக்குப் பழகியிருந்தது. முக்காலியிலிருந்து முன்னால் குனிந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"மாசிமா, இத்தனை வருஷம் சேத்துல ஆடியிருக்கேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல. இப்பதான் தேடி வந்திருக்காங்க. இந்தப் பருவம் தப்பிப்போச்சுன்னா அடுத்த வருஷம் என் பேரே யாருக்கும் ஞாபகம் இருக்காது. சொல்லாதீங்க."

நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லி முடித்துவிட்டு, அம்மாவின் பதிலை வங்காளத்தில் சொல்வதற்குத் தயாராக நின்றேன். அம்மா ஆறிப்போன உப்பை மறுபடி வாணலியில் கொட்டிச் சூடாக்கினாள். மூட்டையாகக் கட்டி அவர் முழங்காலில் வைத்தாள். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அது நடந்தது.

முதல் ஒத்தடத்தன்று இரவுச் சாப்பாட்டின்போது, பேப்பரில் அந்த இத்தாலிப் பையனைப் பற்றிப் படித்த ஒரு சொல் எனக்கு நினைவுக்கு வந்தது. "சித்தப்பா, லிகமெண்ட்னா என்ன?"

பாப்லுதாவின் கை தட்டிலேயே நின்றது. அம்மா ரசக் கரண்டியோடு என்னைப் பார்த்தாள்.

சித்தப்பாவுக்கோ உற்சாகம். "முட்டிக்குள்ள எலும்பையும் எலும்பையும் கட்டி வச்சிருக்க கயிறு மாதிரி. அது அறுந்துச்சுன்னா ஆட்டக்காரன் கதை அவ்வளவுதான். எங்க வாசிச்ச?"

"பாடத்துல வந்திருக்கும்" என்றாள் அம்மா. "நீங்க ரசம் ஊத்திக்கிடுங்க."

எங்கள் பாடத்தில் அப்படி ஒன்றும் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தட்டில் நான் கேட்காமலே ஒரு அப்பளத்தை வைத்தாள். சித்தப்பா பாப்லுதாவின் தொடையில் ஓங்கித் தட்டி, "இந்தக் கால் இரும்பாக்கும்!" என்று வங்காளத்தில் சொல்லிச் சிரித்தார். பாப்லுதாவும் சிரித்தார்.

கையெழுத்து நாளன்று விடிகாலையில் கிளப்காரர்கள் வெள்ளை அம்பாசிடரில் வந்தார்கள். பாப்லுதா அம்மாவின் காலைத் தொட்டபோது, அவள் அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கழுத்து கொள்ளாத மாலை, சுற்றிலும் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் மனிதர்கள், நடுவில் இவர். நெற்றியில் திருநீறு அழியாமல் இருந்தது. சித்தப்பா அந்தப் படத்தை வெட்டிப் பீரோக் கதவில் ஒட்டினார்.

மழைக்காலத்தில் லீக் ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆட்டத்துக்குச் சித்தப்பா மைதானத்துக்கே போய்விட்டார். நானும் அம்மாவும் ரேடியோவில் வர்ணனை கேட்டோம். பாப்லு, பாப்லு என்று அந்தக் குரல் ஏறிக்கொண்டே போனது. பிறகு குழம்பியது. பக்கத்தில் யாருமே இல்லை, தனியாகத் திரும்பும்போது விழுந்துவிட்டார், எழுந்திருக்கவில்லை, ஸ்ட்ரெச்சர் வருகிறது என்றார்கள். நான் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். "வேண்டாம், புரியுது" என்றாள் அம்மா.

இரவு சித்தப்பா நனைந்துபோய் வந்தார். சில நாட்களில் கிளப் மருத்துவர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார். பழைய காயம் என்று பேப்பரிலும் வந்தது. சித்தப்பா பீரோக் கதவிலிருந்த படத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "தெரிஞ்சே ஏமாத்தியிருக்கான். நம்ம வீட்டுச் சோத்தையும் தின்னுட்டு" என்றார்.

"சோத்தப் பத்திப் பேசாதீய" என்றாள் அம்மா. அவள் சித்தப்பாவிடம் அப்படி ஒரு குரலில் பேசி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

கிளப் அவரைக் கைவிட்டது. பாப்லுதா அதன்பிறகு ஆடவேயில்லை. ஆபரேஷன் காலம் கடந்து எங்கோ ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நடந்தது. பல வருஷம் கழித்து டாலிகஞ்சில் ஒரு சினிமா ஸ்டுடியோ வாசலில் அவர் காவலாளி உடுப்பில் நின்றதைச் சித்தப்பா பஸ்ஸிலிருந்து பார்த்ததாகச் சொன்னார். இறங்கிப் பேசினாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆனால் அந்த வருஷம், துர்கா பூஜைக்கு மூங்கில் பந்தல்கள் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், அம்மா ஒருநாள் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள். ஜாதவ்பூர் வரைக்கும் ஆட்டோ, அங்கிருந்து ரிக்‌ஷா. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில், தகரக் கூரை போட்ட வீடு. அவரை எங்கள் வீட்டில் ஒளித்து வைத்திருந்த நாட்களில் அவருடைய அம்மா இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பாப்லுதா கட்டிலில் கிடந்தார். கால் முழுக்க மாவுக்கட்டு. நான் விளையாட்டுப் பக்கத்தை மறக்காமல் எடுத்துப் போயிருந்தேன். "அப்புறம் படிக்கலாம்" என்று சொல்லி, முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

அவருடைய அம்மா எங்களை வாசல் பக்கம் உட்காரவைத்தார். ஒல்லியான பெண்மணி. டீயும் எனக்கு சந்தேஷ் என்ற பால் இனிப்பு ஒன்றும் கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மாகிட்ட ஒண்ணு கேளு. அவன் கால் கெட்டிருந்தது அவங்களுக்குத் தெரியுமா?"

கேட்டேன். அம்மா டீயைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன். தினமும் மத்தியானம் அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்ததையும் நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

"யார் சொல்லித் தெரியும்?"

"பாப்லுதாவேதான் சொன்னார்" என்றேன்.

அவர் சேலைத் தலைப்பால், ஈரமே இல்லாத டீத் தட்டைத் துடைத்தார். கட்டில் இருந்த அறையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, ராகம் போட்ட மாதிரி சொன்னார்: "பெத்து வளர்த்தவ நான். எங்கிட்ட அவன் சொல்லல. உங்ககிட்ட சொல்லியிருக்கான். நீங்க எவ்வளவு நல்லவங்களா இருக்கணும்!"

அம்மாவுக்கு முழுவதையும் தமிழில் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாததால் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னேன். பிறகு கிளம்பிவிட்டோம். ஆட்டோவில் காற்று முகத்திலடித்ததால் அவள் கண்ணில் நீர் வந்துகொண்டிருந்தது.

வீட்டில் அப்பா வந்திருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டார். அம்மா வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "பாப்லுதா வீட்டுக்குப்பா! அவங்கம்மா நம்ம அம்மாவ எவ்வளவு பாராட்டினாங்க தெரியுமா?"

"அப்படியா?" என்று அப்பா முகம் மலர்ந்தார். "என்ன சொன்னாங்க?"

அம்மா சேலைகூட மாற்றாமல் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தான் பெற்ற பாராட்டைக் கேட்க அம்மாவுக்கு வெட்கம் என்று எனக்குத் தோன்றியது. அதனால் உள்ளே இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்று, அந்த அம்மாள் சொன்னதை அதே வங்காளத்தில், அதே ராகத்தில், வீடு முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.