காஜா பேராங்கில் விழுந்த காகிதம்

நான் பிறந்து வளர்ந்த ஊருக்குள் ஒருமுறை வானத்திலிருந்து இறங்கியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பெருமையும் இருக்கிறது, மறைப்பானேன். என்றாலும் அன்று நான் செய்தது சின்ன வேலைதான். விமானத்தின் கதவருகே உட்கார்ந்திருந்தேன், தோளில் தட்டியதும் வெளியே தாவினேன். என்னைப் பத்திரமாக இறக்கியவர்கள் கீழே நின்றவர்கள். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாடு சுதந்திரம் பெற்றுச் சில வருடங்களே ஆகியிருந்தன. எங்கள் ஊரான மலாக்காவுக்கு வெளியே கடலோர ராணுவ முகாம் ஒன்றில் நான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிலர் வார இறுதிகளில் பாராசூட் கட்டிக்கொண்டு பொழுதுபோக்குக்குக் குதிப்பார்கள். அவர்களைப் பத்து பெரண்டாம் என்ற இடத்து விமானத் திடலுக்கு ஏற்றிப் போவது என் வேலை. செங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விழுந்து கிடப்பவர்களைத் தேடிப்பிடித்து ஏற்றி வருவதும் என் வேலைதான். கொசுக்கடியில் தேடி அலுத்துப்போன ஒருநாள், இதைவிட நானே ஒழுங்காகக் குதித்துக் காட்டுவேன் என்று வாய்விட்டேன். குழுவை நடத்திய சார்ஜென்ட் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதிகம் பேசாத மனிதர். மறுவாரமே மேசைமேல் ஏறிக் குதித்து உருளச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். வாய்க்கொழுப்பு சிலருக்கு அடி வாங்கித் தரும், எனக்குப் பாராசூட் வாங்கித் தந்தது.

அந்த வருடச் சுதந்திர நாள் கொண்டாட்டத்துக்கு ஊரின் விழாக்குழுவினர் எங்களை அழைத்தார்கள். விளையாட்டு அரங்கத்தின் நடுவில் நாங்கள் வந்து இறங்க வேண்டும், முதலில் நான். உள்ளூர்ப் பையன் கொடியைக் காலில் கட்டிக்கொண்டு இறங்கினால் கூட்டம் குதூகலிக்கும் என்றார் விழாக்குழுத் தலைவர். எனக்கு அப்போது கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. ஆனாலும் அவருக்கு நான் பையன்தான்.

விமானத் திடலில் இறங்குவது வேறு, ஊருக்கு நடுவே இறங்குவது வேறு. மேலிருந்து பார்த்தால் அரங்கம் ஒரு தாம்பாளம் அளவுக்குத்தான் தெரியும். சுற்றிலும் தகரக் கூரைகள், மின்கம்பிகள், தென்னை மரங்கள், ஒரு பக்கம் ஆறு, கொஞ்சம் தள்ளினால் கடல். அந்தக் காலத்துப் பாராசூட்டைப் பெரிதாகத் திருப்ப முடியாது. அது காற்று கூட்டிப்போகிற இடத்துக்குப் போகும். ஆகவே எந்த இடத்தில் விமானத்தைவிட்டுக் குதிக்கிறோம் என்பதுதான் எல்லாம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. நீளமான மஞ்சள் காகிதப் பட்டை ஒன்றின் நுனியில் இரும்புக் கம்பி கட்டியிருப்பார்கள். பாராசூட்டில் தொங்கும் ஆள் என்ன வேகத்தில் இறங்குவானோ அதே வேகத்தில் அதுவும் இறங்கும். அரங்கத்தின் நேர் மேலே அதைப் போட்டுவிட்டு, எவ்வளவு தூரம் தள்ளிப்போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அதே தூரத்தை எதிர்ப்பக்கம் அளந்து அங்கே குதித்தால், காற்றே நம்மை அரங்கத்தில் கொண்டுவந்து சேர்த்துவிடும். எளிமையான ஏற்பாடு. காகிதம் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒத்திகை நாளில் சார்ஜென்ட் காகிதத்தைப் போட்டார். விமானம் சாவகாசமாக ஒரு பெரிய வட்டம் அடித்துத் திரும்பியது. திரும்பி வந்து பார்த்தால் காகிதம் எங்கள் வீடுகள் இருக்கும் காஜா பேராங்கின் உள்ளே, அரங்கத்திலிருந்து வெகுதூரத்தில் மஞ்சளாகத் தெரிந்தது. காற்று பலமாக இருக்கிறது என்று கணக்குப் போட்டு, என்னைக் கடலுக்கு மேலே கொண்டுபோய்க் குதிக்க வைத்தார். பாராசூட் விரிந்த கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. காற்று மெலிந்திருந்தது. அரங்கம் அங்கேயே நின்றது, நான் வந்துசேரவே இல்லை. கால்களுக்குக் கீழே கிளேபாங் சாலையோரத்து மின்கம்பிகள் வந்தன. முழங்காலை மடக்கிக்கொண்டு குலசாமியைக் கூப்பிட்டேன். கம்பியைத் தாண்டியதும் ஒரு சீனரின் கங்கோங் கீரைக் குட்டையில் இடுப்பளவு சேற்றில் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, கீரையைப் பார்த்துவிட்டு, வேறு யாராவது மேலிருந்து வருகிறார்களா என்று அண்ணாந்து பார்த்தார்.

பாராசூட்டை மூட்டையாகச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். எங்கள் சந்தில் திரும்பியதும் காகிதத்தைக் கண்டேன். பக்கத்து வீட்டு வேலியில் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரன் மலாக்கா செட்டி, பல தலைமுறைகளுக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வம்சம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் வராது, மலாய்தான் பேசுவார்கள், சாமிக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் சில தமிழ்ச் சொற்கள் மிச்சம். சிறுவயதிலிருந்தே எனக்கு நண்பன். காத்தாடிச் சண்டையில் அவனை வெல்ல ஊரில் ஆள் கிடையாது. எங்கள் பக்கம் காத்தாடி பெரியவர்களின் விளையாட்டு. கண்ணாடித் தூள் தடவிய நூலால் அறுப்பார்கள். அறுந்து விழும் காத்தாடியைத் துரத்தி ஓடுவார்கள், வேட்டியை மடித்துக் கட்டிய கடைக்காரர் முதல் கைலி கட்டிய மீன்காரர் வரை. முதலில் பிடித்தவன் அதைத் தன் வேலியில் தொங்கவிடுவான். பறிகொடுத்தவன் அந்த வழியே போனாலும் கேட்க மாட்டான். கேட்பது கேவலம்.

"சுடா ஜாத்தோ, சாப்பா டாபாட், டியா புன்யா" என்றான் நண்பன், சிரித்துக்கொண்டே. விழுந்துவிட்டதா, எவன் பிடித்தானோ அவனுக்குத்தான் சொந்தம் என்று அர்த்தம். ஊரின் மறுமுனையான செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வந்த போட்டி ஆட்களை முந்திக்கொண்டு அரங்கத்தின் பின்னாலேயே அதைப் பிடித்தானாம். பிடித்தது பெரிதல்ல, அவர்களிடம் சிக்காமல் வீடுவரை ஓடிவந்ததுதான் பெரிதாம். எனக்கு வந்த கோபத்தில் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? அதே சட்டப்படி நான் பிடித்த காத்தாடிகள் எங்கள் வீட்டு வேலியில் வருடக்கணக்காகத் தொங்கியிருக்கின்றன. காகிதம் தெரிந்த இடத்தை நம்பித்தான் சார்ஜென்ட் என்னைக் கடலுக்குமேல் தள்ளினார் என்று விளக்கியதும் அவன் முகம் செத்துப்போய்விட்டது.

வீட்டில் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"என்னங்க இது வாடை?"

"கங்கோங் குட்டை."

"கம்பி எவ்வளோ பக்கத்துல வந்துச்சு? பொய் சொல்லாம சொல்லுங்க."

கையால் காட்டினேன். காட்டியதைவிட நெருக்கமாகத்தான் இருந்தது. அவள் தண்ணீர் எடுத்து வைத்தாள். நான் குளித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"குதிக்க வேணாம்னு நான் சொல்லல. சொன்னா ஆயுசுக்கும் குத்திக்காட்டுவீங்க. ஆனா அந்தத் தாள யாராச்சும் ஒருத்தரு தொட்டாலும் நீங்க குதிக்கக் கூடாது. பிள்ள தலையில கை வச்சுச் சொல்லுங்க."

வைத்துச் சொன்னேன். சார்ஜென்டும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். காகிதம் நகர்ந்தால் விமானம் திரும்பிவிடும், யாரும் குதிக்கப்போவதில்லை என்றார்.

விழாக்குழுக் கூட்டத்தில் இதைப் பேசினோம். போலீசாரை நிறுத்தி, தொடுகிறவனைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்றார் தலைவர். எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். காகிதம் எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்தால் காகிதமே தேவையில்லையே. தலைவர் எல்லாருக்கும் தேநீர் வரவழைத்தார்.

ஆகவே நானே ஆட்களிடம் போனேன். சந்து முனைக் காப்பிக்கடையில் மாலையில் எல்லாரும் கூடுவார்கள், செமாபோக் ஆட்களும் வருவார்கள். நண்பன் எனக்காக முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான். மனைவியும் கூட வருவேன் என்று வந்து வெளியே நின்றுகொண்டாள். அன்று மாலை காத்தாடிகளை இறக்கிவைக்க வேண்டும், அந்த நூல் பாராசூட் கயிற்றை அறுத்துவிடும் என்றேன். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கண்ணாடி நூல் என்ன செய்யும் என்று அவர்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும். பிறகு காகிதத்துக்கு வந்தேன். காற்று, தூரம், கணக்கு எல்லாம் விளக்கினேன். தலையாட்டினார்கள். கடைசியில் செமாபோக் ஆள் ஒருவர், வயதில் என் அண்ணன் மாதிரி இருப்பவர், நியாயமான கேள்வி கேட்டார்.

"நான் தொட மாட்டேன் தம்பி. ஆனா எனக்குப் பின்னால வர்றவன் தொட்டா? அப்ப நான் முட்டாளா நிக்கணுமா?"

நண்பனும் ஆமாம் என்றான், எதிர்த்தரப்பை ஓரக்கண்ணால் பார்த்தபடி. யாருக்கும் என்மேல் கெட்ட எண்ணம் இல்லை. விழுந்த பொருளை இன்னொருவன் எடுக்க விட்டுவிட்டுச் சும்மா நிற்பது மட்டும் அவர்கள் உடம்புக்கு ஒத்துவராத காரியம்.

மனைவி உள்ளே வந்துவிட்டாள். பெண்கள் அந்தக் கடைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. முதலில் தமிழில் சொன்னாள், பிறகு நண்பனுக்காக மலாயில் சொன்னாள்.

"அது தாளு இல்ல அண்ணே. இவருதான். இவரு விழுந்து கெடந்தா, நான் முந்தி நீ முந்தின்னு தூக்கிட்டு ஓடுவீங்களா? சுத்தி நின்னு பாத்துக்குவீங்கல்ல?"

செமாபோக்காரர் எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை, குழந்தை அழுகிறது என்று போய்விட்டாள். அன்றைக்கு அவளுக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன், எங்கள் வீடுகளில் அந்தப் பழக்கம் கிடையாது. இப்போது சொல்கிறேன்.

விழா நாளன்று கடல்காற்று நன்றாக எழுந்துவிட்டது. அரங்கம் நிரம்பி வழிந்தது, இடம் கிடைக்காதவர்கள் தெருக்களில் நின்றார்கள். வானத்தில் ஒரு காத்தாடிகூட இல்லை. எனக்கு அதுவே ஆச்சரியம். சார்ஜென்ட் காகிதத்தைப் போட்டார். கதவோரம் குப்புறப்படுத்து நான் அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அரங்கத்தைத் தாண்டி, கூரைகளைத் தாண்டி, காஜா பேராங் சாலையை நோக்கிப் போனது. கீழே தலைகள் அதைத் தொடர்ந்து ஓடுவதும் தெரிந்தது. அதற்குள் விமானம் திரும்பிவிட்டதால் மேற்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. என் கணுக்காலில் கட்டியிருந்த கொடியைத் தடவிப் பார்த்தேன், அவிழ்க்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

வட்டம் முடித்துத் திரும்பியபோது சார்ஜென்ட் என் தோளைப் பிடித்துக் கீழே காட்டினார். சாலை முழுக்க ஆட்கள். அவர்களுக்கு நடுவில் மட்டும் பெரிய களம் மாதிரி வட்டமாக வெற்றிடம். அதன் மத்தியில் மஞ்சள் காகிதம் விழுந்தபடியே கிடந்தது. சார்ஜென்ட் பல நாடுகளில் குதித்தவர், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார். அப்போது அவர் காகிதத்திலிருந்து அரங்கத்துக்கும் அரங்கத்திலிருந்து கடலுக்கும் விரலால் கோடு இழுத்து விமானியிடம் காட்டினார். விமானம் மேலே ஏறியது. நான் கொஞ்சமும் பயமில்லாமல் குதித்தேன். அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி வாய்த்ததில்லை.

காற்று என்னைக் கைபிடித்துக் கூட்டிவந்த மாதிரி அரங்கத்தின் நடுவிலேயே இறக்கியது. கூட்டத்தின் இரைச்சல் காதை அடைத்தது. குழுத்தலைவர் மாலை போட்டார், யார் யாரோ கை குலுக்கினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் மனைவியையும் நண்பனையும் தேடினேன், இருவரையும் காணோம். அவள் அண்ணாந்து பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள், சரி. ஆனால் நண்பன், நான் இறங்குவதை முதல் வரிசையில் நின்று பார்ப்பேன் என்று ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன். மற்றவர்களும் இறங்கி முடித்து, பேச்சுகள் முடிந்து, ஒருவழியாக வெளியே வந்து மாலையோடு வீட்டுக்கு நடந்தேன்.

சாலையில் அந்த வட்டம் அப்படியே நின்றது.

கைகோத்து நின்றார்கள். செமாபோக்காரர் ஒரு பக்கம், நேர் எதிரே என் நண்பன், சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. இடையில் கடைக்காரர்கள், மீன்காரர், எனக்குப் பெயர் தெரியாத பலர். நண்பனுக்குப் பக்கத்தில் என் மனைவி, குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எல்லாருடைய கண்ணும் தரையில் காகிதத்தின்மேல் இருந்தது. எப்போது விடலாம் என்று அவர்களிடம் யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, எனக்குத் தோன்றவே இல்லை. தலைக்குமேல் என் பாராசூட் விரிந்ததையும், நான் கொடியோடு மிதந்ததையும், இறங்கியதையும் ஊரே பார்த்தது. இவர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

நண்பன்தான் என்னை முதலில் கவனித்தான். கையை விடாமலே கேட்டான்.

"சுடா துருன்?"

இறங்கிவிட்டாயா என்கிறான். மாலையைப் போட்டுக்கொண்டு எதிரில் நிற்கிறேன். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மனைவி அப்போதுதான் நிமிர்ந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, நண்பனின் கையை விட்டாள்.