வந்து சேராத பொம்மைப் பெட்டி

ஊரிலிருந்து கிளம்பும் மகள், "உனக்கு என்னம்மா வாங்கிட்டு வரணும்?" என்று விமான நிலையத்திலிருந்து கேட்டால், ஒன்றும் வேண்டாம் என்று போனை வைத்துவிடுவேன். இறங்கிவிட்டேன் என்று அவள் சொல்லும்வரை எனக்குக் கை ஓடாது. அவளுக்கு இது சிரிப்பு.

தொண்ணூறுகளில் டில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ் வீட்டில் ஒரு நர்ஸ் ஆன்ட்டி இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அவர் கணவர், எங்களுக்கு அங்கிள், சரக்கு விமானத்தில் என்ஜினியராகப் பறப்பவர். எங்கள் பிளாக்கின் காப்பிப்பொடி, வாழையிலை எல்லாம் மெட்ராஸிலிருந்து அவர் கையில்தான் வந்தன.

கொலுவுக்கு ஆண்டுதோறும் ஒரு புதுப் பொம்மையாவது வைத்தாக வேண்டும். டில்லிப் பொம்மைகளின் மூக்கு அம்மாவுக்குப் பிடிக்காது. அந்த வருடம் மெட்ராஸில் மாமா தசாவதார செட் வாங்கி வைத்திருந்தார். ரயிலில் வந்தால் பத்து அவதாரம் இருபதாகிவிடும் என்றார் அப்பா. ஆனால் அங்கிளுக்கு அந்த வாரம் லீவு. அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு கீழே போய், நவராத்திரிக்கு முன்னால் கிடைத்தால் தேவலை என்று இழுத்தார். அங்கிள் சிரித்தார்.

"ஒருத்தங்கிட்ட டூட்டிய மாத்திக்கிட்டா ஆச்சு. வீட்ல மட்டும் சொல்லிராதீங்க அண்ணாச்சி, லீவ விட்டேன்னா ஏசுவா."

திரும்பும்போது, மெட்ராஸில் மேலேறிய சற்று நேரத்திலேயே என்ஜின் நின்றுபோய் விமானம் வயலில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

அந்த வருடம் நாங்கள் கொலு வைக்கவில்லை. ஆன்ட்டியிடம் சொல்லிவிடுங்கள் என்று அம்மா தினமும் சொல்வாள். நாளைக்கு என்பார் அப்பா. சொல்லக் கூடாது என்று அங்கிளே கேட்டுக்கொண்டதால் நானும் வாய் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த ஆன்ட்டி நேராக எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். உட்காரவில்லை.

"ஒங்க பொம்மப் பெட்டியும் போச்சு அண்ணாச்சி. அடுத்த தடவ போகையில கொண்டாரேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாக. மனசுல வச்சுக்கிடாதீங்க."

பிறகு, "லீவுல இருந்த மனுசன் எதுக்குப் போனாகன்னுதான் வெளங்கல. ஒங்ககிட்ட ஏதும் சொன்னாகளா?" என்றார்.

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகினார். அம்மா அவரையே பார்த்தாள். வீட்டுக்கு வந்தவருக்குப் பதில் சொல்லாமல் நிற்பது எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

"பரவால்ல ஆன்ட்டி, பொம்மை வேற வாங்கிக்கலாம்," என்றேன்.

அவர் என் தலையைத் தடவி, "நல்ல புள்ள" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

பெரியவர்களுக்குத் தோன்றாததை நான் சொல்லிவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. பாராட்டுவார் என்று அப்பாவைப் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு, தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமல், எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது.