மோட்டார் தண்ணீர் துப்பாத சனிக்கிழமை

முடிச்சூர் பக்கம் ஒரு தெருவுக்குச் சொந்தமாகப் படகு இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அடையாறு பெருகி வந்தபோது இரண்டு நாள் மொட்டை மாடியில் உட்கார்ந்து நனைந்த பிஸ்கட் தின்றவர்களுக்கு அந்தச் சிரிப்பு வராது. அடுத்த வருஷமே எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு பைபர் படகும் அதன் பின்னால் மாட்டுகிற பெட்ரோல் மோட்டாரும் வாங்கியது. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் நான் தர ஆய்வாளர். இரும்பு சம்பந்தப்பட்ட எதுவானாலும் எனக்குத் தெரியும் என்று தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு. அதை வளர்த்தவனும் நான்தான். அதனால் மோட்டார் என் பொறுப்பில் வந்தது.

மோட்டாரை வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு ஸ்டாண்டில் மாட்டிவைத்தோம். அதன் கால் ஒரு நீல டிரம் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டும் என்று நான்தான் விதி போட்டேன். ஸ்கூட்டரை அப்படித்தானே வைத்திருக்கிறோம்? ஞாயிறு காலை நான் சர்ச்சுக்குக் கிளம்பும் நேரத்தில் வாட்ச்மேன் மோட்டாரை இழுத்து ஸ்டார்ட் செய்வார். நான் பைக்கில் போகிறபோதே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். அவரும் காட்டுவார்.

வாட்ச்மேன் என்னைவிட நான்கைந்து வயது பெரியவர். பக்கத்துக் கிராமத்துக்காரர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். சங்கம் கொடுத்த அந்த ஒற்றை அறையில்தான் அவரும் மனைவியும் எட்டு வருஷமாக இருந்தார்கள். அந்த அம்மா எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் வேலை செய்தார். வாட்ச்மேனுக்கு வேலை போனால் வீடும் போகும், அந்த அம்மாவுக்கு இருந்த வேலையும் போகும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை வெள்ள ஒத்திகை வைத்தோம். சங்கத்துச் செயலாளர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை ஸ்டார்ட் செய்தேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பின்பக்கத்துச் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் வரவில்லை.

இந்த மோட்டாருக்கு ரேடியேட்டர் கிடையாது. காலடியில் இருக்கிற தண்ணீரையே உறிஞ்சி, எஞ்சினைச் சுற்றி ஓடவிட்டு, சூட்டை எடுத்துக்கொண்டு வெளியே தள்ளும். அதில் கொஞ்சம் அந்தத் துளை வழியாகப் பீய்ச்சியடிக்கும். அது வேகமாக வந்தால் அழுத்தம் சரி. சொட்டினால் கோளாறு. வரவே இல்லையென்றால் உடனே அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் வெந்துவிடும். அணைத்தேன்.

"ஒண்ணுமில்ல சார், குளவி கூடு கட்டியிருக்கும்" என்று செயலாளரிடம் சொன்னேன். யாரோ ஒரு சேஃப்டி பின் கொடுத்தார்கள். துளைக்குள் விட்டுக் குடைந்தேன். கூடும் இல்லை, மண்ணும் இல்லை. தண்ணீரை உறிஞ்சுகிற சல்லடையைத் தேய்த்துக் கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது. துளைக்குப் போகிற ரப்பர் டியூபைக் கழற்றி வாய் வைத்து ஊதினேன். காற்று தடையில்லாமல் போனது. அடைப்பு எதுவும் இல்லையென்றால் தண்ணீரை மேலே தள்ளுகிற பம்பில்தான் கோளாறு. அதைத் திறக்க என்னிடம் ஸ்பேனர் இருந்தது, தைரியம் இல்லை. கோவளத்து மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"மிஷின் ஒண்ணுக்குப் போவுலியா சார்?" என்றார் எடுத்தவுடனே. மீனவர்களின் மோட்டாரைப் பழுது பார்க்கிறவர். அவர்கள் பேச்சில் அந்தத் துளைக்கு அதுதான் வேலை. "தொடாதீங்க, வந்துகினே கீறேன்."

வந்தார். ஐந்து போல்ட்டைக் கழற்றி மோட்டாரின் கீழ்க்காலைத் தனியே இழுத்தார். மேலே இருந்த பம்பின் மூடியைத் திறந்தார். உள்ளே ஆறு ரப்பர் இதழ்களோடு ஒரு சின்னச் சக்கரம் இருக்க வேண்டும். இருந்தது நடுக்கட்டை மட்டும். ஓர் இதழ்கூட இல்லை. சுவர் முழுக்கக் கறுப்பாக உருகி அப்பியிருந்தது. இருபத்தாறு வருஷமாகப் பழுதான பாகங்களைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"தண்ணியில்லாம ஓட்டிகினு இருந்தீங்களா?" என்றார் மெக்கானிக். "ரப்பருக்குத் தண்ணிதான் சார் எண்ணெய். காஞ்சு சுத்துனா அரை நிமிஷம் தாங்காது. பிஞ்சதெல்லாம் மேல போய் அடைச்சிருக்கும், இஞ்சின் ஹெட்டையே கழட்டணும்."

"தண்ணியில்லாம யார் ஓட்டுவாங்க?" என்று நான் கத்தினேன். கத்திய வேகத்தில் திரும்பி வாட்ச்மேனைப் பார்த்தேன்.

கோடையில் எங்கள் தெருவில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. மழைக்குப் படகு வாங்கிய அதே தெரு, சித்திரை வந்தால் லாரிக்குக் குடத்தோடு நிற்கும். அந்த வருஷம் ஏப்ரலில் லாரித் தண்ணீர் பிடித்துவைக்க அந்த நீல டிரம்மைச் சங்கமே எடுத்துக்கொண்டு போனது. ஒத்திகைக்காக அன்று காலைதான் திரும்பி வந்திருந்தது.

"டிரம் இல்லன்னு தெரியுமில்ல? அப்புறம் எதுக்கு ஸ்டார்ட் பண்ணீங்க? அறிவு வேணாம்?" என்றார் செயலாளர்.

வாட்ச்மேன் அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தார். கண்ணை எடுக்காமல் பார்த்தார். திருட்டு முழி என்று நினைத்துக்கொண்டேன். "என்ன பாக்கறீங்க, வாயத் திறந்து சொல்லுங்க" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று மாலையே கமிட்டி கூடி, புதன்கிழமைக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டது. நானும் கை தூக்கினேன்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கோ அறிக்கை எழுதாவிட்டால் சோறு இறங்காது. பட்டறையில் ஒரு பாகம் உடைந்தால் ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தைப் பிடிப்போம். திங்கள்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, காபியோடு உட்கார்ந்து, தெரு குரூப்பில் போடுவதற்கு ஓர் அறிக்கை தயாரித்தேன். டிரம் எந்தத் தேதியில் போனது என்று குறிப்பிட்டால் வாட்ச்மேனின் குற்றம் இன்னும் தெளிவாகும் என்று வாட்ஸப்பில் தேடினேன். மணி எட்டு இருக்கும். வாட்ச்மேனிடமிருந்து வந்த ஒரு குரல் பதிவு கிடைத்தது. தட்டினேன்.

"சார், டிரம்ம லாரித் தண்ணிக்கு எடுத்துகினு பூட்டாங்க. நாளைக்கு ஞாயித்துக்கெழம. மோட்டார இன்னா சார் பண்றது? வுட்டுடவா?"

அதற்குக் கீழே என் பதில். என் குரல். பின்னால் பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தம்.

"விட்டுடாதீங்கண்ணா, கார்புரேட்டர் அடைச்சுக்கும். சும்மா ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணுங்க. ஒண்ணும் ஆகாது."

மறுபடி போட்டேன். மறுபடியும் அதே ஆள்தான் பேசினான். நான் இதைச் சொன்ன ஞாபகம் எனக்கு ஒரு துளிகூட இல்லை. வேலை நடுவே, கேள்வியை முழுசாகக் கேட்காமலே, ஏழு விநாடியில் பதில் சொல்லியிருக்கிறேன். தண்ணீரில்லாமல் ஓட்டக்கூடாது என்று வாங்கிய அன்றே கடைக்காரர் சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் முதல் நாள் டிரம் வைத்தேன். அப்புறம் அந்த ஞாயிறுகள் நினைவுக்கு வந்தன. கோடை முழுக்க மோட்டார் சத்தம் வழக்கத்தைவிடக் கணீரென்று இருந்தது. புகைபோக்கி தண்ணீருக்கு வெளியே இருந்ததால் வந்த சத்தம் அது. மோட்டார் என்ன ஆரோக்கியமாக இருக்கிறது என்று நினைத்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சர்ச்சில் பாட்டுப் பாடப் போயிருக்கிறேன்.

என் மனைவி பக்கத்தில் நின்று பதிவைக் கேட்டுவிட்டாள். "இது நீங்கதானே?" என்றாள்.

செயலாளருக்குப் போன் செய்து சொன்னேன். "சார், இத குரூப்ல போட்றாதீங்க. ஹெட்டைக் கழட்டற வேலைக்கு நீங்கதான் முன்ன நிக்கணும். உங்க மேல ஜனங்களுக்கு நம்பிக்கை போச்சுன்னா அடுத்த மழைக்கு யார் கைல மோட்டாரக் குடுக்கறது? வாட்ச்மேனுக்கு வேற எடம் கிடைக்கும் சார். காலைல பேசிக்கலாம்" என்றார்.

காலையில் பேசிக்கொள்ளலாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை. வாட்ச்மேன் அறை என் வீட்டிலிருந்து நாற்பது அடி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். பிறகு அதைக் கழற்றிவிட்டு வந்து படுத்தேன்.

செவ்வாய் காலை ஏழு மணிக்குப் போனேன். அறை வாசலில் சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி நின்றது. அந்த அம்மா பாத்திரங்களை வேட்டியில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணா, தப்பு என்னுது" என்றேன். "நான் சொல்லித்தான் நீங்க ஸ்டார்ட் பண்ணியிருக்கீங்க. என் போன்ல இருக்கு. இப்பவே குரூப்ல போடறேன், பாருங்க."

உண்மையிலேயே அங்கே நின்றபடியே இரண்டு பதிவுகளையும் போட்டேன். கேள்வியும் பதிலும். என் குரல் தெருவிலிருந்த எல்லாப் போனிலும் போய் விழுந்தது.

"என் போன்லயும் கீது சார்" என்றார் அவர்.

எனக்குப் புரியவில்லை. "அப்போ அன்னிக்கே போட்டுக் காட்டியிருக்கலாமே? எல்லாரும் இருந்தாங்களே?"

"நாலு பேரு முன்னாடி உங்க கொரல நா எப்டி சார் போட்றது? நீங்களே சொல்லுவீங்கன்னு உங்களயே பாத்துகினு இருந்தேன்."

அந்தப் பார்வையைத்தான் நான் திருட்டு முழி என்று நினைத்திருந்தேன். செயலாளரிடம் பேசிவிட்டதாகவும், வாட்ச்மேன் எங்கேயும் போக வேண்டியதில்லை என்றும், மூட்டையைப் பிரிக்கும்படியும் கடகடவென்று சொன்னேன். செயலாளரிடம் அப்படிப் பேசவே இல்லை. பேசிவிடலாம் என்ற துணிச்சலில் சொன்னேன்.

"இல்ல சார். காட்டாங்குளத்தூர்ல பசங்க ஹாஸ்டல் ஒண்ணுல கூப்டாங்க. ரெண்டு நாளா பதில் சொல்லாம இழுத்துகினு இருந்தேன், நீங்க வருவீங்கன்னு. நேத்து ராத்திரி வரைக்கும் பாத்தேன். இன்னிக்குக் காலையில ஆறு மணிக்குத்தான் வரேன்னு சொன்னேன். சொன்ன பேச்ச மாத்தக் கூடாதில்ல."

நேற்று எட்டு மணிக்கே எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் உள்ளே போய்க் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். டிரைவர் வருவதற்குள் மறுபக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசல்படி தாண்டும்போது மட்டும், "கால் பாத்து வைங்க சார்" என்றார்.