கொக்கு தூக்கிப் போன நாற்காலி

திருடி என்கிறார்களே, அந்த வாய்களில் ஒன்றாவது அந்தக் கடையில் ஒருநாள் கால் கடுக்க நின்றிருக்குமா? நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள், வாஸ்தவம். போகச் சொன்னது யார் என்பதை மட்டும் தெரு மென்று விழுங்கிவிட்டது.

அது அவள் அண்ணனுடைய துணிக்கடை. அளப்பது, வெட்டுவது, மடிப்பது, வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது எல்லாம் தங்கை. உட்கார்வது அண்ணன். வந்தவர் முன்னால் விற்பவள் உட்கார்ந்தால் கடைக்கு மரியாதை போய்விடுமாம். அந்த மரியாதையை அவர் ஒருவரே, இருந்த ஒரே மெத்தை நாற்காலியில் அமர்ந்து காப்பாற்றிவந்தார். அவள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதில் கொக்கு என்று பெயர் விழுந்ததுதான் மிச்சம்.

கெண்டைக்காலில் நரம்பு புழுப்போல முறுக்கிக்கொண்டது. கணுக்கால் கறுத்தது. பொழுது சாய்ந்தால் செருப்புக்குள் பாதம் போகாது. "உட்கார ஒரு சாக்கு," என்றார் அண்ணன். கள்ளத்தைக் கையோடு பிடிக்க, டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்கேனுக்கும் கூடவே வந்தார்.

ஸ்கேன் எடுக்கும் பெண் அவளைப் பலகைமேல் ஏற்றி நிற்கவைத்தாள்.

"படுக்க வெச்சுப் பாருங்கம்மா, சீக்கிரம் முடியும்," என்றார் அண்ணன்.

"படுத்தா எல்லாக் காலும் யோக்கியம்தான் சார். நின்னாத்தான் வண்டவாளம் தெரியும்."

குளிர்ந்த பசையைத் தடவி, கருவியைத் தொடையில் வைத்து, கெண்டைக்காலை அமுக்கினாள். திரையில் நீலம் மேலே ஏறியது. கையை எடுத்ததும் சிவப்பாகக் கீழே கொட்டியது.

"மேல போன ரத்தம் திரும்பி இறங்குது பாருங்க. நடுவுல இருக்கிற வால்வு மூடலை. டாக்டர் வைத்தியம் சொல்வாங்க. ஆனா இனியும் நாள் முழுக்க நின்னா காலு புண்ணாயிடும்."

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "எவ்வளவு நேரம்தான் நிக்கிறது? இங்க ஒரு நாற்காலி கிடையாதா?"

கொக்கு அதை மனதில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் கடையில் ஒரு முக்காலி கேட்டாள். வந்திருந்தவர்கள் முன்னால் அண்ணன் சிரித்தபடி எழுந்தார். "முக்காலி எதுக்கு, மகாராணி? இந்த நாற்காலியையே தூக்கிட்டுப் போயேன்."

அண்ணன் சொல்லைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. பாதி வெட்டிய துணிமேல் கத்தரிக்கோலை வைத்தாள். நாற்காலியை மெத்தையோடு தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"ஏய், நான் எதுல உட்கார்றது?"

"வந்தவங்க நிக்கிறாங்கண்ணே. உட்கார்ந்தா மரியாதை போயிடும்."

தெருமுனை போவதற்குள் கால் கனத்தது. நாற்காலியை இறக்கி, நட்ட நடுத்தெருவில் உட்கார்ந்தாள். ஊர் பார்த்தது அதை மட்டும்தான்.